இணையத்தள உறுதி யாருடைய பெயரில்?

அம்பாறை மாவட்டக் கரையோரக் கிராமமொன்றில் கைத்தறி நெசவில் ஈடுபட்டுள்ள பெண்கள் சங்கமொன்றின் செயலாளர் சென்ற மாதம் ஒரு கடிதம் எழுதியிருந்தார். தமது சங்கத்தில் பதினெட்டு அங்கத்தவர்கள் இருப்பதாகவும், சாறன், கட்டில் விரிப்பு, மேசை விரிப்பு ஆகியவற்றை நெய்து விற்று வருவதாகவும், கொழும்பிலிருந்தும் வெளிநாட்டு உறவினர் மூலமாகவும் ஓடர்கள் வரத் தொடங்கியுள்ளதால் சங்கத்திற்கென ஓர் இணையத்தளம் அமைக்கத் தீர்மானித்திருப்பதாகவும் அதில் குறிப்பிட்டிருந்தார். அவரது வினா இதுதான்: "கணனி தெரிந்த ஒரு தம்பி, வருடத்துக்கு முப்பதாயிரம் ரூபாய் கட்டினால்தான் ஒழுங்கான தளம் வைக்கலாம் என்கிறார். இன்னொரு தம்பி, ஒரு சதமும் செலவில்லாமல் செய்து தருகிறேன் என்கிறார். சங்கத்தின் சேமிப்பே எழுபதாயிரம்தான். நாங்கள் யார் சொல்வதைக் கேட்பது?"

இது இச்சங்கத்திற்கு மாத்திரம் உரிய வினா அன்று. தையற்கடை வைத்திருப்போர், பகலுணவுப் பார்சல் செய்து கொடுப்போர், முன்பள்ளி நடத்துவோர், விதவைகள் சங்கங்கள் எனப் பல இடங்களிலும் இதே வினாவை நான் சந்திக்கிறேன். எனவே தனிப்பட்ட பதிலாக அனுப்பாமல் இம்மாதம் இப்பகுதியிலேயே இதனைப் பார்ப்போம். கணனி அறிவு அதிகமில்லாத சகோதரிகளும் தயங்காமல் வாசிக்கலாம். குடும்ப வரவு செலவு பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இதில் விளங்காதது எதுவுமில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த இரு தம்பிமாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் முதலிற் சொல்ல வேண்டியதை இருவருமே சொல்லவில்லை. அதாவது, ஓர் இணையத்தளத்திற்குத் தேவைப்படுபவை இரண்டு. ஒன்று இடம், மற்றையது பெயர்.

நாம் தயாரிக்கும் பக்கங்களையும் படங்களையும் இரவு பகலாக இயங்கிக் கொண்டிருக்கும் ஒரு கணனியில் வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் லண்டனிலுள்ள ஒருவர் நள்ளிரவிலும் அவற்றைப் பார்க்கலாம். அந்தக் கணனியை சேர்வர் என்றும், அதில் இடம் தருவதை ஹொஸ்டிங் என்றும் கூறுவர். அந்த இடத்திற்கு வருவதற்கான முகவரிதான் பெயர். அதனை டொமைன் என்பர். டொட் கொம், டொட் எல்.கே. என்று முடிபவை இவையே. இரண்டையும் ஒரே நிறுவனம் ஒரே பொதியாக விற்பதால் இரண்டும் ஒன்றென்றே பலர் நினைத்துவிடுகின்றனர். நமது கைத்தொலைபேசியை எண்ணிப் பாருங்கள். தொலைபேசி பழுதானால் வேறொன்றை வாங்கி சிம்மை அதிலே போட்டுக் கொள்கிறோம். இலக்கம் மாறுவதில்லை, உறவினர் எவருக்கும் அறிவிக்க வேண்டியதுமில்லை. இடம் தொலைபேசி போன்றது. பெயர் அந்த இலக்கம் போன்றது.

இலவச சேவைகளிற் பெரும்பாலானவை இடத்தைத் தரும்போது தமது பெயரையே நமக்கும் தருகின்றன. சங்கத்தின் பெயருக்குப் பின்னால் புளொக்ஸ்பொட் என்றோ வேர்ட்பிரஸ் என்றோ ஒரு வால் ஒட்டியிருக்கும். பார்வைக்கு அழகில்லை என்பதே இதன் குறை எனப் பலர் எண்ணுகின்றனர். அழகு பெரிய விடயமல்ல. அந்த நிறுவனம் கடையைப் பூட்டும் நாளில் நமது இடத்துடன் முகவரியும் போய்விடும் என்பதே விடயம்.

அப்படிக் கடையைப் பூட்டுவார்களா என்று கேட்பீர்கள். ஜியோசிட்டீஸ் என்ற பெயரை இளம் வாசகிகள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1994 இல் அமெரிக்காவில் ஆரம்பிக்கப்பட்ட இந்தச் சேவை, எவர் வேண்டுமானாலும் இலவசமாகத் தமது பக்கத்தை வைத்துக் கொள்ள இடமளித்தது. ஊர்களைப் போலப் பகுதிகள் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, குடியிருப்பாளர் என்றே பாவனையாளரை அழைத்தது. சமையற் குறிப்பு எழுதிய பெண்கள், நோயாளிக் குழந்தையின் தாய்மார், ஊர் வரலாறு எழுதிய ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எனப் பலதரப்பட்டோரும் அங்கு பக்கங்கள் வைத்திருந்தனர். தமிழிலும் பக்கங்கள் இருந்தன. 1999 இல் யாஹூ நிறுவனம் 300 கோடி டொலருக்கும் மேற்பட்ட பெறுமதிக்கு அதனை வாங்கியது. வாங்கிய சில வாரங்களிலேயே புதிய நிபந்தனைகள் வந்தன. பாவனையாளர்கள் அங்கே வைத்துள்ள எழுத்தையும் படத்தையும் யாஹூ தான் விரும்பியவாறு பாவிக்கலாம் என்று அவற்றில் இருந்தது. மக்கள் கொதித்தெழுந்து பக்கங்களின் நிறங்களை அகற்றிச் சாம்பல் நிறமாக்கி எதிர்ப்புத் தெரிவித்தனர். யாஹூ அந்த நிபந்தனையைத் திருத்திக் கொண்டது. ஆயினும் பத்து வருடங்கள் கழித்து, 2009 ஒக்டோபர் 26 ஆம் திகதி, ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. கோடிக்கணக்கான பக்கங்கள் மறைந்தன. ஆர்வலர்கள் சிலர் இரவு பகலாக உழைத்து முடிந்தவற்றைப் பிரதி செய்து காப்பாற்றினர். எனினும் பழைய முகவரிகள் செத்துவிட்டன. புத்தகங்களிலும் சஞ்சிகைகளிலும் அச்சிடப்பட்ட ஜியோசிட்டீஸ் முகவரிகளை இன்று கணனியில் அடித்தால் ஒன்றும் வராது.

அது பழைய கதை எனத் தள்ளிவிட வேண்டாம். சிறு வியாபாரம் செய்வோருக்கு கூகுள் நிறுவனம் இலவசமாக ஒரு சிறிய இணையத்தளத்தை அமைத்துக் கொடுத்து வந்தது. கைத்தொலைபேசியிலேயே பத்து நிமிடத்திற் செய்துவிடலாம். நமது சங்கங்களைப் போன்றவர்களுக்கென்றே அளந்து தைத்த சட்டை அது. 2024 மார்ச் மாதத்தில் அதனை நிறுத்தினார்கள். சில மாதங்களுக்கு மாத்திரம் பழைய முகவரிக்கு வருபவர்களை வேறிடத்திற்குத் திருப்பிவிட்டு, பின்னர் அதையும் நிறுத்தினார்கள். முகவரி அட்டைகளில் அந்த முகவரியை அச்சிட்டிருந்தவர்கள் அட்டைகளை எறிய வேண்டியதுதான்.

ட்ரிபிள் சீரோ வெப்ஹொஸ்ட் என்றொரு இலவச ஹொஸ்டிங் சேவை இருந்தது. அதன் ஒரு கோடியே முப்பது இலட்சம் வரையான பாவனையாளர்களின் விபரங்கள் திருடப்பட்டிருப்பது 2015 இல் வெளிவந்தது. கடவுச்சொற்கள் மறைக்கப்படாமல் எழுத்துக்கு எழுத்து அப்படியே வைக்கப்பட்டிருந்தன. அச்சேவையும் 2024 இல் மூடப்பட்டது. டொட் டி.கே. போன்ற சில டொமைன் பெயர்களை இலவசமாக வழங்கிய ஃப்ரீநொம் என்ற நிறுவனம் 2023 இல் புதிய பதிவுகளை நிறுத்தி, 2024 இல் அத்தொழிலை விட்டே வெளியேறுவதாக அறிவித்தது. இலவசமாகப் பெற்ற பெயருக்கு, பெற்றவர் சட்டப்படி உரிமையாளரே அல்லர் என்பது அவர்களது நிபந்தனைகளிலேயே இருந்தது. யார் வாசித்தார்கள்?

இலவசம் என்பதன் செலவை யாரோ ஒருவர் கொடுக்கத்தான் வேண்டும். சில சேவைகள் இன்று இலவசமாகத் தந்து நாளை கட்டணச் சேவைக்கு நம்மை இழுக்கப் பார்க்கின்றன. அது நேர்மையான வியாபாரம்தான். வேறு சில, நமது பக்கத்தில் விளம்பரம் போட்டுக் காசு பெறுகின்றன. இதனைச் சாதாரணமாக எடுத்துக் கொள்ள என்னால் முடிவதில்லை. நுண்கடனால் நெருக்கடிக்குள்ளான பெண்களுக்கு ஆலோசனை வழங்கும் ஓர் அமைப்பு, இலவச சேவையொன்றில் தனது பக்கத்தை வைத்திருந்தது. கடன் உத்தியோகத்தர் வீட்டு வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது, எங்கு முறையிடுவது என்றெல்லாம் மிகப் பயனுள்ள விடயங்கள் அதிலே எழுதப்பட்டிருந்தன. அப்பக்கத்தின் நடுவே, ஐந்து நிமிடத்தில் கடன் தருவதாகக் கூறும் ஒரு விளம்பரம் தோன்றிக் கொண்டிருந்தது. எவரும் வேண்டுமென்று அதனை அங்கே போடவில்லை. பக்கத்திற் கடன் என்ற சொல் பலமுறை வருவதைக் கண்ட இயந்திரம், கடன் விளம்பரத்தைத் தேடிக் கொண்டுவந்து வைத்துவிட்டது. தவணை கட்ட வழியின்றி இரவு பதினொரு மணிக்கு அப்பக்கத்தைத் திறக்கும் ஒரு தாய், அந்த அழுத்தியைத்தான் முதலில் காண்பாள்.

இலவச சேவைகள் எல்லாமே இப்படி என்று கூறுவது நியாயமாகாது. புளொகர் சேவையில் நாமாக விரும்பினாலன்றி விளம்பரம் வராது. வேர்ட்பிரஸ் டொட் கொம் சேவையின் இலவசத் திட்டத்தில் விளம்பரம் வரும், நமது சொந்தப் பெயரை அதில் பாவிக்கவும் முடியாது. இந்த வேறுபாட்டைத் தளம் அமைத்துத் தருபவரிடம் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

"இதெல்லாம் எதற்கு, பேஸ்புக் பக்கம் ஒன்று இருந்தாற் போதாதா?" என்று கேட்பவர்களும் உள்ளனர். விற்பனைக்கு பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் மிகவும் உதவுகின்றன. அவற்றை விட்டுவிடும்படி எவரிடமும் நான் கூறமாட்டேன். ஆனால் நமது நாட்டில் 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி ஊரடங்கின்போதும் சமூக ஊடகங்கள் தடைசெய்யப்பட்டன. அந்நாட்களில் பேஸ்புக்கில் மாத்திரம் கடை வைத்திருந்தோரின் கடைகளும் அவற்றுடனேயே பூட்டப்பட்டன. தமக்கென இணையத்தளம் வைத்திருந்தோரின் பக்கங்கள் திறந்தே இருந்தன.

இனி, காசு கொடுத்துப் பெறும் இடத்தைப் பார்ப்போம். விளம்பரம் இல்லை, சொந்தப் பெயர், சங்கத்தின் பெயரிலேயே மின்னஞ்சல், பழுது ஏற்பட்டாற் கேட்பதற்கு ஓர் ஆள் ஆகியவை இதன் நன்மைகள். ஆனால் விலைப்பட்டியலைப் படிக்கும்போது சேலைக் கடையில் கழிவு விலைப் பலகையைப் பார்க்கும் அதே கண்ணுடன் பாருங்கள். மாதத்திற்கு இரண்டு டொலர் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அது பெரும்பாலும் முதல் ஒப்பந்தத்திற்கு மாத்திரமே, அதுவும் மூன்று நான்கு வருடக் காசை ஒரேயடியாகக் கட்டினாற்றான். புதுப்பிக்கும்போது அது இரண்டு மூன்று மடங்காகிவிடுவதுண்டு. எல்லையற்ற இடம் என்றிருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் கோப்புகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை இருக்கும். முதல் வருடம் பெயர் இலவசம் என்றிருந்தால், இரண்டாம் வருடம் அதே பெயருக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

டொலர் விடயத்தை நாம் மறக்க முடியாது. 2022 மார்ச் ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் 360 ரூபாயளவிற்குச் சென்றது. வருடத்திற்கு 60 டொலர் கட்டும் சங்கமொன்றுக்கு 12,000 ரூபாயாக இருந்த செலவு இரண்டு மாதங்களில் 21,000 ரூபாயைத் தாண்டியது. பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற அந்நாட்களில் எந்தச் சங்கம் இணையத்தளத்திற்குக் காசு ஒதுக்கும்? அந்த வருடம் வாடிப்போன சிறிய தளங்கள் பலவற்றை நான் அறிவேன். உள்நாட்டு நிறுவனங்களிடம் ரூபாயிலேயே கட்டலாம் என்பதும், நேரிற் சென்று தமிழிலோ சிங்களத்திலோ கதைக்கலாம் என்பதும் அவற்றின் சாதகங்கள்.

காசு கொடுத்துவிட்டால் பாதுகாப்பு என்பதும் முழு உண்மையல்ல. 2021 மார்ச் 10 ஆம் திகதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓ.வி.எச். என்ற பெரிய ஹொஸ்டிங் நிறுவனத்தின் கட்டடமொன்று எரிந்து சாம்பலாகியது. காசு கட்டியவர்களின் இணையத்தளங்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் நின்றுபோயின. வேறிடத்திற் பிரதி வைத்திருந்தவர்கள் மீண்டார்கள். அவ்வாறு வைத்திராத சிலருக்கு எதுவும் மீளக் கிடைக்கவில்லை. நமது அரசாங்கத்தின் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்டுக்கு 2023 இல் நடந்ததும் இதுதான். கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் வகையைச் சேர்ந்த தாக்குதலொன்றில், அந்த வருடம் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச அலுவலக மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அக்காலப் பகுதிக்கு வேறிடத்தில் பிரதி இருக்கவில்லை. அரசாங்கத்திற்கே இந்த நிலை என்றால், பதினெட்டுப் பெண்களின் சங்கம் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து வைப்பது மிகையான எச்சரிக்கை ஆகாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கட்டணம் செலுத்திப் பெறும் இடத்தில் வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருளை நிறுவித் தருவார்கள். அதனை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். ஆறு மாதம் கவனியாது விட்டால் கள்ளர் புகுந்து விடுவார்கள். வீட்டை வாங்கிவிட்டுப் பூட்டாமற் போவதைப் போன்றது அது. புளொகர் போன்ற இலவச சேவையில் இவ்வேலையை அந்த நிறுவனமே பார்த்துக் கொள்கிறது. எனவே, பராமரிக்க ஆளில்லாத சங்கத்திற்குக் காசு கொடுத்துப் பெற்ற இடம் இலவச இடத்தை விடவும் ஆபத்தானது என்பதே எனது கருத்து. இதனைத் தளம் விற்பவர்கள் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

இப்போது தலைப்பிலுள்ள விடயத்திற்கு வருகிறேன். கிழக்கில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் வீடும் வளவும் பெண் பிள்ளைக்கே செல்லும் வழக்கம் உண்டு. திருமணமான ஆண் மனைவியின் வீட்டிற்கே குடிவருகிறான். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்றபோது, தென்னாசியாவில் அரிதாகக் காணப்படும் ஓர் ஏற்பாடாக இதனை எமக்குக் கற்பித்தார்கள். ஊரிலுள்ள பெண்களுக்கு இதைப் புத்தகத்திற் படிக்க வேண்டியதில்லை. காணி உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது என்பதைக் கேளாமல் ஒரு தாய் மகளின் திருமணப் பேச்சை முடிக்கமாட்டாள். ஆனால் அதே பெண்கள், சங்கத்தின் இணையத்தளத்தை எவருடைய பெயரிற் பதிவு செய்தீர்கள் என்று கேட்டால், "அந்தத் தம்பிதான் எல்லாம் செய்தார்" என்கிறார்கள். கணனி என்றவுடன் அது ஆண்பிள்ளைகளின் விடயம் என்று ஒதுங்கிவிடுகிறோம். உறுதியில் இருக்கும் கவனம் இங்கே இல்லாமற் போகிறது.

இதன் விளைவை ஒரு சம்பவத்தால் விளக்கலாம். வீட்டு வன்முறையால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் ஒரு சிறிய அமைப்பு, காசு கொடுத்தே தனது தளத்தை அமைத்திருந்தது. ஓர் இளைஞர் மிகுந்த நல்லெண்ணத்துடன் செய்து கொடுத்தார். பெயரைத் தனது பெயரிலும் தனது மின்னஞ்சலிலும் பதிவு செய்திருந்தார். பின்னர் அவர் கட்டாருக்கு வேலைக்குச் சென்றுவிட்டார், பழைய மின்னஞ்சலைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். டொட் கொம் போன்ற பெயர்கள் காலாவதியாவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னரும் ஒரு வாரம் முன்னரும் நினைவூட்டல் அனுப்பப்பட வேண்டும் என்பது விதி. அவ்வாறே அனுப்பியிருப்பார்கள். அவை எவரும் திறக்காத பெட்டிக்குச் சென்றன. காலாவதியான பின்னரும் சிறிது காலத்திற்கு அதே பெயரை மீட்டுக் கொள்ளலாம். இறுதிக் கட்டமான முப்பது நாட்களில் அதற்கு மேலதிகமாகப் பெருந்தொகை கேட்பார்கள். அதுவும் தாண்டினால் பெயர் பொதுவில் விடப்படும், யாரும் எடுக்கலாம். பழைய பெயர்களுக்கு வழக்கமாக வருகின்ற ஆட்களைப் பிடிப்பதற்கென்றே அவற்றை எடுக்கக் காத்திருப்பவர்கள் உள்ளனர். இந்த அமைப்பின் பெயரையும் எவரோ எடுத்தார்கள். கிராம அலுவலர் காரியாலயத்திலும் வைத்தியசாலையிலும் ஒட்டப்பட்டிருந்த துண்டுப் பிரசுரத்திலுள்ள முகவரியை அடித்தபோது சூதாட்டத் தளமொன்று திறந்தது. அடிவாங்கிய பெண்ணொருத்தி கணவனுக்குத் தெரியாமல் உதவி தேடித் திறக்கும் முகவரி அது. பிரசுரங்களை ஒவ்வோர் இடமாகச் சென்று கிழித்தெடுத்தார்கள். எல்லாவற்றையும் எடுத்து முடித்தார்களா என்பது தெரியாது.

இங்கே ஏமாற்றியவர் எவருமில்லை, காசும் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது. உறுதி மாத்திரம் வேறொருவரின் பெயரில் இருந்தது.

ஆகவே நெசவுச் சகோதரிகளுக்கு எனது பதில்: முதலிற் பெயரைக் காசு கொடுத்து வாங்குங்கள், இடத்தை இப்போதைக்கு இலவசமாகப் பெறுங்கள். டொட் கொம் பெயரொன்றுக்கு வருடத்திற்குப் பொதுவாகப் பத்து முதல் இருபது டொலர் வரை செலவாகும். டொலர் 300 ரூபாய் என்று கொண்டால் மூவாயிரத்திலிருந்து ஆறாயிரம் ரூபாய். பதினெட்டுப் பேரும் மாதம் 25 ரூபாய் போட்டால் வருடத்திற்கு 5,400 ரூபாய் சேரும், சேமிப்பில் கைவைக்கத் தேவையில்லை. டொட் எல்.கே. பெயர் விரும்பினால் அதனை உள்நாட்டிலேயே பதிவு செய்து ரூபாயிற் கட்டலாம். அவ்வாறு வாங்கிய பெயரைப் புளொகரிலோ கூகுள் சைட்ஸிலோ உள்ள இலவசப் பக்கத்துடன் இணைத்துக் கொள்ள முடியும். அதற்கு அந்நிறுவனம் கட்டணம் கேட்பதில்லை. முகவரிக்கு முன்னால் வரும் பூட்டு அடையாளத்திற்கும் தனிக்காசு தேவையில்லை. நாளை அச்சேவை மூடப்பட்டால் வேறு இடத்திற்கு மாறிக்கொள்ளலாம். அட்டையில் அச்சிட்ட முகவரி அப்படியே இருக்கும்.

முப்பதாயிரம் ரூபாய்ப் பொதியில் நூறு ஜிகாபைட் தருகிறார்களே என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கைத்தொலைபேசியில் எடுத்த படத்தைச் சிறிதாக்கினால் 200 கிலோபைட்டுக்குள் அடக்கலாம். உங்களது துணி வகைகள் முப்பதுக்கும் ஒவ்வொரு படம் என்றால் ஆறு மெகாபைட். வகைக்குப் பத்துப் படம் போட்டாலும் அறுபது. ஒரு ஜிகாபைட்டில் ஏறத்தாழ ஐயாயிரம் படங்கள் கொள்ளும். மாதத்தில் ஐந்நூறு பேர் வந்து ஆளுக்கு இரண்டு மெகாபைட் பார்த்தாலும் மொத்தம் ஒரு ஜிகாபைட்தான். மூன்று பேர் கொண்ட குடும்பத்திற்கு இருபது அறை வீடு எதற்கு?

தளத்திலேயே காசு செலுத்தித் துணி வாங்கும் வசதி வேண்டுமென்ற நிலை வரும்போதும், வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைச் சேர்த்து வைக்கும் நிலை வரும்போதும் கட்டண இடத்திற்கு மாறுங்கள். அப்போது விற்பனையிலிருந்தே அச்செலவு வர வேண்டும். பாதிக்கப்பட்ட பெண்களின் விபரங்களைப் படிவம் மூலம் திரட்டும் அமைப்புகளைப் பொறுத்தவரை எனது பதில் வேறு. அவர்கள் ஆரம்பத்திலிருந்தே காசு கட்டிப் பொறுப்பான ஓரிடத்தைப் பெற வேண்டும், அல்லது அந்தப் படிவத்தை இணையத்தில் வைக்கவே கூடாது. தனிநபர் தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் நமது நாட்டில் நிறைவேற்றப்பட்டுள்ளது என்பதையும் இவ்வமைப்புகளின் நிருவாகிகள் அறிந்திருப்பது நல்லது.

பதிவு செய்யும் நாளில் சங்கத்தின் தலைவியோ செயலாளரோ அந்தத் தம்பியின் அருகில் அமர்ந்திருக்க வேண்டும். சங்கத்திற்கென்று ஒரு மின்னஞ்சலை முதலில் ஆரம்பித்து, அதனைக் கொண்டே பெயரைப் பதிவு செய்யுங்கள். கடவுச்சொல்லைச் சங்கத்தின் கூட்டறிக்கைப் புத்தகத்தில் எழுத வேண்டாம், அது பல கைகளுக்குப் போகும். ஒரு கடித உறையில் இட்டு, வங்கிப் புத்தகம் இருக்கும் பெட்டியில் வைத்து, இருவர் மாத்திரம் அறிந்திருக்கட்டும். நிருவாக சபை மாறும் கூட்டத்தில் வங்கிக் கையொப்பத்தை மாற்றுவது போல இதனையும் மாற்றுங்கள். ஏற்கனவே வேறொருவர் பெயரிற் பதிவாகியிருந்தால், காலாவதித் திகதி வரும்வரை காத்திராமல் இப்போதே அன்பாகக் கேட்டு மாற்றிக் கொள்ளுங்கள். ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றிற்குப் பெயரை மாற்றுவதற்கு ஓர் இரகசியக் குறியீடு உண்டு. பதிவு செய்தவர் தனது கணக்கினுள் சென்று அதனைப் பெற்றுத் தரலாம். ஐந்து நிமிட வேலை. மூன்று மாதத்திற்கொரு தடவை தளத்தின் பிரதியை இரண்டு பென் டிரைவ்களில் எடுத்து, இரண்டு வீடுகளில் வையுங்கள்.

பெயரைத் தெரிவு செய்வது பற்றியும் ஒரு வார்த்தை. 'இலங்கை' என்று தமிழிலேயே முடியும் முகவரிகளுக்கு 2010 இலிருந்து இடமுண்டு. ஆயினும் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஆங்கில எழுத்திலேயே தேடுவர் என்பதால் உங்களுக்கு ஆங்கில எழுத்து முகவரியும் தேவைப்படும். அங்கேதான் சிக்கல். கைத்தறி என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னால் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ஆகையால் பெயரை வாங்குவதற்கு முன்னர் ஐந்து பேரைத் தொலைபேசியில் அழைத்து, வாயாற் சொல்லி, எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் இருவராவது பிழையாக எழுதினால் வேறு பெயர் தேடுங்கள்.